எவ்வளவு போச்சு, சாப்பாடு எப்படி?

கசினோவுக்குப் போய் வந்தேன் என்று தெரிந்ததும் நாமக்கல்லில் என் காலை நடை நண்பர்கள் கேட்டவை இரண்டே கேள்விகள். "எவ்வளவு போச்சுங்க சார்?" என்பது ஒன்று. "சாப்பாடு எப்படிங்க?" என்பது மற்றொன்று. எவ்வளவு வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் மனிதருக்கு உலகம் ஓரளவு புரிந்துவிடுகிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

முதல் கேள்விக்கு விடை 2,600 ரூபாய். இரண்டாவதற்கு, பரவாயில்லை. அவர்கள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. கவனிப்பு எப்படி? என் அபிப்பிராயம் முழுக்க அதில்தான் நிற்கிறது. (நான் முப்பத்தாறு வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். அங்கே கவனிப்பு என்ற சொல்லுக்கு வேறு பொருள். இங்கே அந்தப் பொருளில் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமும் இல்லை.)

கசினோ என்பது இத்தாலியச் சொல். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில் அகராதியில் பார்த்த ஞாபகம்: காஸா என்றால் வீடு, காஸினோ என்றால் சின்ன வீடு. தமிழில் சின்ன வீடு என்றால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டுமே பென்ஷன் பணத்துக்குக் கட்டுப்படியாகாதவை.

போன தை மாதம் நான்கு பென்ஷனர்கள் கோவா போனோம். பழைய கோவாவின் தேவாலயங்கள், மங்கேஷி கோயில், கடற்கரை என்றுதான் திட்டம். சேலத்திலிருந்து பெங்களூரு நான்கு மணி நேரம், அங்கிருந்து இரவுப் பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம். பஞ்சிமில் மாண்டோவி நதிக்கரைச் சாலையில் மாலை நடந்தபோது, ஆற்றின் நடுவில் கல்யாண மண்டபங்கள் மாதிரி சீரியல் விளக்குப் போட்ட கப்பல்கள் நின்றன. எங்களோடு வந்த திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி, "சார், நீங்க பிரெஞ்சு படிச்சவரு. உள்ள போய்ப் பார்த்துட்டு எங்களுக்கு வெளக்கிச் சொல்லுங்க" என்றார். பிரெஞ்சுக்கு இந்த வயதில் கிடைத்த ஒரே மரியாதை. விட மனமில்லை.

ஏன் ஆற்றில் நிற்கிறது என்று கேட்பீர்கள். கோவாவின் சூதாட்டச் சட்டம் 1976-ஆம் வருஷத்தது. 1992-இல் அதைத் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் காசு போட்டு இழுக்கும் இயந்திரங்களை அனுமதித்தார்கள். 1996-இல் இன்னொரு திருத்தம்: மேசை போட்டு, சீட்டுப் பிரித்து ஆடும் ஆட்டங்கள் கப்பலில் மட்டும். அதனால்தான் கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் நங்கூரம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சட்டத்துக்குக் கப்பல்; எங்கேயும் போகாத கப்பல். ஃபைலில் இந்த மாதிரிக் குறிப்புகள் நிறைய எழுதியிருக்கிறேன் என்பதால் ரசித்தேன்.

எந்தக் கப்பல் என்று பெயர் சொல்லப்போவதில்லை. நுழைவுக்கட்டணம் தலைக்கு 3,000 ரூபாய். சாப்பாடு, பானம், மேல்தளத்தில் ஆட்டம் பாட்டு, அதோடு 1,000 ரூபாய்க்குச் சில்லுகள் எல்லாம் அதில் அடக்கம். இந்தச் சில்லுகளை ஆடலாம், காசாக மாற்ற முடியாது. ஜெயித்தால் வேறு நிறச் சில்லு தருவார்கள், அதைத்தான் காசாக்கலாம். கவுண்டரில் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். இருபத்தோரு வயது ஆகியிருக்க வேண்டும் என்று பலகை இருந்தது. நாங்கள் நால்வரும் அந்தத் தேர்வில் சுலபமாகத் தேறிவிட்டோம். பிறகு ஒரு சின்னப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள்.

சாப்பாடு முதலில். நூறு பேர் வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. பனீரில் மூன்று வகை, மூன்றுக்கும் ருசி ஒன்றே. மீன் குழம்பு நன்றாக இருந்ததாக அசைவ நண்பர்கள் சொன்னார்கள். சாம்பார் என்று எழுதி வைத்த பாத்திரத்தில் இருந்தது இனிப்பான பருப்புத் தண்ணீர். அவித்த முட்டைக் குழம்பைப் பார்த்ததும் நாமக்கல்காரர்கள் இருவர் முட்டையின் அளவு, அன்றைய பண்ணை விலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சேலம் தட்டுவடை செட் இருபது ரூபாய்க்குத் தருகிற சந்தோஷத்தில் பாதியை இந்த ஐம்பது பாத்திரங்களும் தரவில்லை. ஆனால் மூலையில் தயிர்சாதம் இருந்தது. கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்த உண்மையான தயிர்சாதம். பத்துக்கு ஆறு மதிப்பெண் போட்டேன். அதில் நான்கு தயிர்சாதத்துக்கு.

இனி கவனிப்பு. படகிலிருந்து ஏறும்போது கை கொடுத்து, "தாத்தா, படி இருக்கு, பார்த்து" என்று தமிழில் சொன்னான் ஒரு பையன். தருமபுரிப் பக்கமாம். உள்ளே நான் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றதை இன்னொருவர் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். தண்ணீர் வந்தது. ஏசி அதிகம் என்று துண்டை இழுத்துப் போர்த்திய நண்பருக்குச் சூடாகத் தேநீர் வந்தது. ரயில்வே ஸ்டேஷன், வங்கி, ஆஸ்பத்திரி, நான் வேலை பார்த்த அலுவலகம், இவற்றில் எங்கும் எழுபது வயதுக்காரனை இப்படி யாரும் கவனித்ததில்லை. வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்கப் போகிற இடத்தில் இந்தக் கவனிப்பில் கால்வாசி கிடைத்தால் போதும்.

கால் மணி நேரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். அந்த மெத்தை நாற்காலி ரூலெட் மேசையை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். நல்ல நாற்காலிகள் அத்தனையும் மேசைகளைச் சுற்றித்தான். அந்தத் தளத்தில் ஆடாமல் சும்மா உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. ஜன்னலை மறைத்துத் திரை. சுவரில் கடிகாரம் இல்லை. முழங்கால் வலி உள்ளவனுக்கு அங்கே உட்கார இடம் வேண்டுமென்றால் அது சூதாட்ட மேசைதான். கவனிப்புக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தேன். இதைப் பார்த்தபிறகு பத்தாக உயர்த்தினேன். இவ்வளவு நுணுக்கமாக யோசித்துச் செய்கிற வேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ரூலெட் என்றால் பிரெஞ்சில் சின்னச் சக்கரம். அதைச் சுழற்றுகிறவருக்குக் குரூப்பியே என்று பெயர். முற்காலத்தில் குதிரையில் ஒருவன் பின்னால் இன்னொருவன் தொற்றிக்கொண்டு போவான் அல்லவா, அந்தப் பின்னால் இருப்பவனைக் குறித்த சொல் அது. பிறகு சூதாடியின் பக்கத்தில் நின்று யோசனை சொல்பவனுக்கு வந்தது. இப்போது சக்கரக்காரர் பக்கம் மாறிவிட்டது. நான் பார்த்த மேசையில் நின்றது வடகிழக்கு மாநிலத்துப் பெண், என் பேத்தி வயது. "ரியான் ந வா ப்ளூ" என்பாள், அதாவது இனி யாரும் பணம் வைக்கக் கூடாது என்று பிரெஞ்சில் சொல்வாள் என்று காத்திருந்தேன். "நோ மோர் பெட்ஸ்" என்றாள். என் படிப்பு அத்தோடு முடிந்தது.

குமாஸ்தா புத்தி கணக்கில் இறங்கியது. சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். (கூட்டிப் பாருங்கள், 666 வரும்.) அவற்றோடு ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். மொத்தம் 38 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் வைத்தால் 3,800 ரூபாய் ஆகிறது. எப்படியும் ஒரு கட்டம் ஜெயிக்கும். அதற்கு 35 மடங்கு தருவார்கள், வைத்த நூறும் திரும்பும்: 3,600. ஆக ஒவ்வொரு சுற்றுக்கும் 200 ரூபாய், அதாவது நூற்றுக்கு ஐந்தேகால், கடைக்காரருக்கு. ஏமாற்று இல்லை, காந்தம் இல்லை, மந்திரம் இல்லை. இரண்டு பூஜ்யங்கள் போதும். 1843-இல் பிளாங்க் என்ற பிரெஞ்சு சகோதரர்கள் ஜெர்மனியில் ஹோம்பர்க் என்ற ஊரில் ஒற்றைப் பூஜ்யச் சக்கரம் வைத்தார்கள். கடைக்காரர் பங்கு பாதியாகக் குறைந்தது, கூட்டம் இரட்டிப்பாக அள்ளியது. அவர்களில் ஒருவர்தான் பின்னால் மான்டி கார்லோ கசினோவை எடுத்து நடத்தியவர். அதாவது குறைவாக எடுத்தால் அதிகம் பேர் வருவார்கள். நம் ஊர் வட்டிக்காரர்களுக்கும் தெரிந்த தத்துவம்.

நான் பத்துத் தடவை நூறு நூறாகச் சிவப்பில் வைத்தேன். நான்கு தடவை வந்தது. 400 ரூபாய் காசுச் சில்லு கிடைத்தது. உடனே கவுண்டரில் கொடுத்துப் பணமாக்கிக்கொண்டேன். 2,600 ரூபாய்க் கணக்கு இதுதான்.

அடுத்த மேசையில் பெருங்கூட்டம். 'அந்தர் பாஹர்' என்று பலகை. எட்டிப் பார்த்தால் நம்ம மங்காத்தா! ஒரு சீட்டைத் திருப்பி வைத்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்து, அதே எண் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிப்பு. மோகனூர்ப் பக்கம் காவிரி மணலில் துண்டு விரித்து ஆடி, போலீஸ் விசில் கேட்டதும் துண்டோடு ஓடுகிற அதே ஆட்டம், இங்கே பச்சைக் கம்பளி விரித்து, கோட்டுப் போட்டு, அரசாங்க லைசென்ஸோடு நடக்கிறது. ஒரு வித்தியாசம். முதல் சீட்டு விழுகிற பக்கத்துக்கு ஜெயிக்கும் வாய்ப்பு சற்றே அதிகம், நூற்றுக்கு 51.5. மணலில் ஆடுகிறவன் அதைக் கண்டுகொள்ள மாட்டான். இங்கே அந்தப் பக்கம் ஜெயித்தால் நூறுக்குத் தொண்ணூறுதான் தந்தார்கள். 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் பகடைக் கணக்கு பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் பிறந்தது என்று எங்கள் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். அந்தக் கடிதங்களை ஆடுகிறவர்கள் யாரும் படிக்கவில்லை. கடை வைத்தவர்கள் வரிக்கு வரி படித்திருக்கிறார்கள்.

எங்கள் நால்வரில் ஒருவர், என்ன வேலை பார்த்தவர் என்று சொன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அந்த மங்காத்தா மேசையில் ஒட்டிக்கொண்டார். ஒன்பது மணிக்கு 6,000 ரூபாய் ஜெயித்து நின்றார். அப்போது அவருக்கு வந்த கவனிப்பைப் பார்த்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தட்டில் வறுத்த முந்திரி வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கார்டு தேய்த்துச் சில்லு வாங்கினார். மூன்று மணிக்கு 22,000 ரூபாய் போயிருந்தது. அந்த மேசையில் ஒருவரும் அவரிடம் முகம் சுளிக்கவில்லை, கடைசிவரை சிரித்த முகம்தான். மறுநாள் மங்கேஷி கோயிலில் கண்ணை மூடி நின்றவர் நெடுநேரம் திறக்கவில்லை. அவருடைய மாதப் பென்ஷனில் முக்கால்வாசி.

இதில் வரி வேறு. 2023 அக்டோபரிலிருந்து கசினோவில் சில்லு வாங்கும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். ஜெயித்தால்தான் வரி என்றில்லை. சில்லு வாங்கிய கணமே அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொண்டாயிற்று. ஆகவே அந்த மேசையில் இரண்டு பூஜ்யத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பூஜ்யமும் உண்டு, சிங்க முத்திரையோடு.

திரும்பி வரும் பேருந்தில் ரிக் முதலாளி என்னோடு வாதாடினார். "ஏனுங்க சார், எல்லாமே சூதுதானுங்க. ஆயிரம் அடி போர் போடறோம், புழுதி வருது. கோழிக்குச் சீக்கு வந்தாப் பண்ணை காலி. மரவள்ளி போட்டவன் ஜவ்வரிசி விலையப் பார்த்து அழுவறான். அதவிடவா இது?" நல்ல கேள்வி. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் சீமையின் தொழில்கள் எல்லாமே துணிச்சலில் ஓடுபவை. ஆனால் பூமிக்கு முப்பத்தெட்டாவது கட்டம் கிடையாது. தண்ணீர் வராத குழியில் நம் பணத்தை எடுத்துக்கொள்வதற்கு அடியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொன்று, போர் போட்டவன் ஒரு குழி தோற்றால் ஊரே வந்து தடுக்கும், அடுத்த குழி வேண்டாம் என்று. கசினோவில் அடுத்த குழிக்கு முந்திரி கொண்டுவந்து வைப்பார்கள். இதைச் சொன்னேன். "அது சரிங்க" என்று படுத்துவிட்டார். ஒத்துக்கொண்டாரா, தூக்கமா தெரியாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. கசினோ வைத்திருக்கிற ஊர்களெல்லாம் தன் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று பாருங்கள். மொனாக்கோ பிரஜைகள் மான்டி கார்லோவில் ஆடக் கூடாது. நேபாளத்தில் நேபாளிகள் கசினோவுக்குள் போகக் கூடாது. சிங்கப்பூரில் உள்ளூர்க்காரர் நுழைய வேண்டுமானால் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும், 2010-இல் 100 வெள்ளியாக இருந்ததை 2019-இல் ஏற்றினார்கள். வெளிநாட்டுக்காரருக்கு இலவசம். கோவா அரசே 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் கசினோவுக்குள் ஆடப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. சமையற்காரன் தன் பிள்ளைக்கு மட்டும் வீட்டிலிருந்து டிபன் கட்டிக்கொண்டு வந்தால், அந்த ஓட்டலில் நாம் சாப்பிடுவோமா?

நம் மாநிலம் இதில் பலவகைக் கூத்தும் பார்த்தாயிற்று. 1968-இல் அண்ணா காலத்தில் அரசாங்கமே பரிசுச்சீட்டு நடத்தியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று. 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. அது திறமை ஆட்டம், சூது அல்ல என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா லாட்டரியை ஒரேயடியாகத் தடை செய்தார். அந்தத் தடையின் அருமை எனக்கு நேரடியாகத் தெரியும், ஏனென்றால் தொண்ணூறுகளில் சேலத்தில் என் மேசைக்குத்தான் வருங்கால வைப்பு நிதி முன்பண விண்ணப்பங்கள் வரும். கடைநிலை ஊழியர் ஒருவர் மூன்று வருஷத்தில் மூன்று முறை 'மகள் திருமணம்' என்று காரணம் எழுதியிருந்தார். அவருக்கு இரண்டும் பையன்கள். அவருடைய சட்டைப் பையில் ஒரு நம்பர் லாட்டரிச் சீட்டுகள் அடுக்கடுக்காக இருந்ததை ஆபீஸே அறியும். மூன்றாவது தடவை மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சொன்னது: "ஐயா, நேத்து ஒத்த நம்பர்ல போச்சுங்க." ஒற்றை எண்ணில் தவறியதை நெருங்கிவிட்டதாக நினைத்தார். ரூலெட் மேசையிலும் அன்றிரவு அதே முகங்களைப் பார்த்தேன். 17 கேட்டவர் 18 விழுந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு, சந்தோஷத்தோடு இன்னும் அதிகம் வைத்தார்.

பிறகு கைப்பேசியில் ரம்மி வந்தது. தற்கொலைகள் வந்தன. தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டம் என்று அவற்றின் மீதிருந்த தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்பது கோர்ட்டு கேட்கிற கேள்வி. மாதக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்பது குமாஸ்தா கேட்கிற கேள்வி. வள்ளுவர் இந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை. கள்ளுண்ணாமைக்கு அடுத்ததாகச் சூதை வைத்தார், அதற்கு அடுத்த அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர்.

கைப்பேசியோடு ஒப்பிட்டால் கப்பல் மேல் என்றே சொல்வேன். அதற்கு வாசல் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, ஆதார் கேட்கிறார்கள், படகு ஏறவேண்டும், போய்வர இரண்டு இரவுப் பயணம். என் நண்பர் 22,000 ரூபாயோடு தப்பித்தது புத்தியால் அல்ல. மறுநாள் மாலை பேருந்து டிக்கெட் போட்டிருந்தோம், அதனால். அதே மேசை சேலம் ஐந்து ரோட்டில் இருந்திருந்தால் அவர் மறுநாளும் போயிருப்பார், விட்டதைப் பிடிக்க.

இதை இப்போது எழுதக் காரணம், நான் படித்த புதுச்சேரியில் கசினோ கொண்டுவரலாம், சுற்றுலா பெருகும், வருமானம் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குவதுதான். அடங்கியே இருக்கட்டும் என்பது என் கட்சி. வந்தால் கோவாவைப் போல உள்ளூர்க்காரர் நுழையத் தடை போடுவார்கள். புதுச்சேரிக்காரன் தப்பிப்பான். யார் போவார்கள்? விழுப்புரம், கடலூர், சேலம், நாமக்கல். பாட்டிலுக்காக அந்த ஊர்ப் பேருந்தில் ஏறுகிற கூட்டம் நமக்குத் தெரியாததா? சேலத்திலிருந்து கோவா பதினாறு மணி நேரம். புதுச்சேரி நாலரை மணி நேரம். பென்ஷன் வரவான மறுநாள் காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசையில் இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் கோவா போகிறபோது ஒரு தடவை எட்டிப் பார்த்தே தீருவேன் என்கிறவர்களுக்கு: வங்கி அட்டையை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். மேல்தளத்தில் ஆற்றுக்காற்று நன்றாக இருக்கும், அங்கே நின்றுகொண்டே பார்க்க அனுமதி உண்டு. தயிர்சாதத்தைப் பத்து மணிக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தரைக்கு நான் இரண்டாம் தடவை போனபோது பாத்திரம் காலி.